ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு மொட்டை

"ஞாயித்துக்கெழமைக்குள்ள மொட்டை போட்டுரவாக்கா?" என்று முன் சீட்டில் ஒருவர் கேட்டதும் என் காது தானாக அங்கிட்டுத் திரும்பியது. கீரனூரில் திருச்சி பஸ் ஏறிய அக்காவும் தம்பியும். ஞாயிறன்று தம்பிக்குப் பொண்ணு பார்க்கப் போகிறார்களாம்.

"மொட்டை எதுக்குடா?"

"வழுக்கை தெரியாதுல்ல. வேண்டுதல்னு சொல்லிக்கலாம்."

"மறுபடி காதோரம் மட்டுந்தானே மொளைக்கும், அப்ப என்ன சொல்லுவ?"

"எல்லாம் துபாய் தண்ணியால வந்ததுக்கா."

"அப்பா எந்தத் துபாய்க்குப் போனாரு? அவரு தலைதான் ஒனக்கு. எனக்கும்தான் புள்ள பெத்த பெறகு கொத்துக் கொத்தாக் கொட்டுது. திரும்ப மொளைச்சிரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஒனக்கு என்ன சொன்னாங்க?"

"கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டாங்க."

அக்கா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பிள்ளை விழித்துக்கொண்டது.

தம்பி தலையைக் குனிந்து ஒரு போட்டோ எடுத்து, "இதான் என் தலை, பாத்துட்டுச் சொல்லுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே டைப் அடித்து, தரகர் கொடுத்திருந்த நம்பரில் பொண்ணுக்கே அனுப்பிவிட்டார். திருச்சி வரும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வந்ததும் அக்காவுக்குப் படித்துக் காட்டினார்.

"டைபாய்டு வந்ததுல எனக்கும் பாதி கொட்டிருச்சுங்க. சவுரி வைக்கச் சொல்லி அம்மா ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. வைக்கவா, வேணாமா?"

"மொட்டை வேணாம்க்கா" என்றார் தம்பி, தலையைத் தடவிக்கொண்டே.