மடியில்லாத காதுகுத்து

"ஹலோ... பெரியப்பா, அன்புச்செல்விதானுங்க. ஆமாங்க, கணபதியில, வீடியோ எடிட்டிங் கிளாஸ்லதான் இருக்கறேன். நம்ம எழில் காதுகுத்து வீடியோவத்தான் ட்ரிம் பண்ணீட்டிருக்கறனுங்க... இன்னும் செத்த நேரத்துல வாத்தியார்கிட்டக் காட்டோணும். அஞ்சு நிமிசத்துக்குக் கொறஞ்சா சர்டிபிகேட் இல்லைன்னுட்டாருங்க... யார எடுத்துப்போடோணும்? சென்னிமலை மாமாவையா?"

வெள்ளகோவிலிலிருந்து அழைத்தவர் காளிச்சாமி, எழிலின் தாத்தா. அன்புச்செல்வி கைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏனுங்க?... மொதப் பந்திக்குக் கூப்புடலைன்னு கை நனைக்காமப் போயிட்டாருங்களா... அட, மருவாதியில்லாத வேலைதானுங்க. ஆனா, கொழந்தைக்குத் தாய்மாமனுங்க அவரு!... சரிங்க, சரிங்க, சத்தம் போடாதீங்க."

எந்தத் துண்டையும் மூன்று முறை ஓட்டிப் பார்க்காமல் அவள் வெட்டமாட்டாள். வெட்டிய பிறகும் சரியாகத்தான் செய்தோமா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

"பாத்தனுங்க. எழில் மாமா மடியிலதான் உக்கோந்திருக்குது. அவர வெட்டுனா கொழந்தையும் போயிருமுங்க... மடிய மட்டும் வெச்சுட்டுத் தலைய மாத்தறதா? யாரு தலைய?... உங்க தலையவா! ஐயோ பெரியப்பா, எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. இதுவரைக்கும் வெட்டறது மட்டுந்தான் சொல்லிக் குடுத்திருக்கறாங்க... சரிங்க, வெட்டியே போடறேன்... செவ்வந்தி அண்ணியா? குடுங்க."

எழிலின் அம்மா பேசினாள் என்பதைவிட, அழுதாள் என்பதே சரி.

"அண்ணி, அழுகாதீங்க... உங்கண்ணன் இல்லாத வீடியோவுல நீங்களும் இருக்க மாட்டீங்களா? ஆரத்தியே நீங்கதான எடுத்தீங்க... சரிங்க அண்ணி... பெரியம்மாவுமா? அவங்களும் உங்க கச்சியா?"

வெட்டினாள். பெரியம்மா நின்று பரிமாறிய பந்தியும், அவரோடு சிரித்துக்கொண்டிருந்த சொந்தமெல்லாமும் சேர்ந்தே போயின.

"பெரியப்பா... எல்லாரையும் எடுத்துப்போட்டனுங்க. மிச்சமா? இருங்க, பாக்கறேன்... அட, அஞ்சு நிமிசம் இருக்குதுங்க! நீங்க மைக்கத் தட்டிப் பாக்கறது... பந்தக்காலைப் புடிச்சுட்டு நிக்கறது... அப்பறம் தனியா உக்கோந்து கறி திங்கறது... இல்லைங்க, வேற ஒரு ஆளும் இல்லை... ஆமாங்க, எடுப்பாத்தான் தெரியறீங்க... ஆமாங்க, அந்தச் சட்டை நல்லாத்தான் இருக்குது.

"மொதல்ல பேரு வருமுங்க. 'எழில் காதணி விழா'ன்னு போட்டிருக்கறேன்... கொழந்தையே இல்லாம எதுக்கு அதும் பேருங்கறீங்களா? அதுவும் சரிதான்... உங்க பேரையா? பெரியப்பா, உங்களுக்கா காது குத்துனாங்க?... கோவிச்சுக்காதீங்க, வாத்தியார் வந்துட்டாரு... சரிங்க, 'காளிச்சாமி காதணி விழா'ன்னே போட்டறேன்... ஆமாங்க... எழுத்து இன்னும் பெருசாவா?... ஹலோ?"

அவர் திருப்தியாகப் போனை வைத்துவிட்டிருந்தார்.