காற்றாடி நட்ட பண்ணை

செல்போன் விளையாட்டுகளில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. குக்கர் விசில் விடும் வரை ஆடுவேன், அவ்வளவுதான். போன வாரம் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று ஆடினேன். நடுவழியில் கைகாட்ட ஆளில்லை, படியில் தொங்க ஆளில்லை. உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸே ஏறாதவர்கள் செய்தது போலிருக்கிறது. மிட்டாய் உடைக்கும் விளையாட்டு பரவாயில்லை.

என் வீட்டுக்காரர் சிவசங்கர் ஆடுவது பண்ணை விளையாட்டு. அதைப் பற்றித்தான் எனக்கு அபிப்பிராயம் அதிகம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அதில் பட்டமும் இல்லை, மழையும் இல்லை. காட்டுப்பன்றி வராத மக்காச்சோளத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்கள் கொல்லையில் மரவள்ளி காய்ந்துகொண்டிருக்க, இவர் போனில் கேரட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பல வருஷ உழைப்பு. ரிஷிவந்தியம் பக்கத்திலேயே பெரிய பண்ணை என்று பெயர்.

மாட்டுப்பொங்கலன்று தொழுவத்து மாடுகளுக்குப் பொட்டு வைத்த கையோடு போனையும் என்னிடம் நீட்டினார்.

“சந்திரலேகாவுக்கும் ஒரு பொட்டு வெய்யி.”

“இன்னாங்க பேரு இது?”

“பசுவுக்குப் பேரு கேட்டுச்சி. வாயில வந்தத வெச்சேன்.”

எனக்கு முன்னால் திருநாவலூரில் இவர் பெண் பார்த்துவிட்டு வந்தவளின் பெயரும் அதுதான். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. போன் கண்ணாடியில் பொட்டு வைத்து, கற்பூரமும் காட்டினேன். வயிறு கொஞ்சம் எரிந்தது. அது காலையில் தின்ற வடை. என் கவலையெல்லாம் விவசாயம் முறையாக நடக்க வேண்டும் என்பதுதான்.

மறுநாள் அவர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மோட்டார் போடப் போனார். நான் போனை எடுத்து அவர் பண்ணைக் கோழிகளை விற்றேன். மரங்களை வெட்டினேன். கேரட்டை உழுதேன். சந்திரலேகாவை விற்கும்போது மட்டும் நிச்சயமாகவா என்று கேட்டது. நல்ல மரியாதையான விளையாட்டு. வந்த காசுக்கெல்லாம் அலங்காரக் காற்றாடி வாங்கி, வரப்புகூடத் தெரியாமல் நட்டுவைத்தேன்.

அன்று அவர் சாப்பிடவில்லை. அந்தப் போனைத் தொடுகிறவர்கள் நானும் என் கொழுந்தன் பிரவீன்குமாரும்தான். இருவரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், சூடம் ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். முதலில் கொழுந்தன் முறை. அவன் சூடத்தைத் தொடாமலே சொல்லிவிட்டான்.

“அண்ணே, முட்டய மட்டும் என் பண்ணைக்கு அனுப்பிக்கினு இருந்தேன். மாட்டத் தொடலண்ணே.”

“முட்டய எடுத்தவன் மாட்ட வுட்டிருப்பானாடா?” என்றார் இவர்.

அதோடு விசாரணை முடிந்தது. என் முறை வரவேயில்லை. ஆத்தா என் பக்கம் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் தம்பி இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. கொழுந்தன் தனியாகச் சமைத்துத் தின்கிறான். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம், அண்ணன் வரமாட்டேன் என்கிறார். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நேற்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். புதிதாகப் பண்ணை தொடங்கி, ஒரு பசுவும் வாங்கியிருந்தார்.

“இதுக்கு உம் பேருதான் ஜெயசுதா. தீனி ஜாஸ்தி, பால் கம்மி,” என்றார் சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். கோபம் என் சுபாவத்திலேயே கிடையாது. கொழுந்தன்தான் இப்போது இந்தப் போன் பக்கம் வருவதில்லை. அதனால் இன்று காலையிலிருந்து என் மாமியார் காசியம்மாளுக்கு அவர் போனில் பண்ணை ஆடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.