தண்ணீர்க் காட்சி

என் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள், சார். கண்ணுக்கு விருந்தாம், கதைதான் இல்லையாம். எனக்கு அதில் கோபமில்லை. வேறொரு கிரகத்தில் கடலுக்கடியில் ஒரு நகரத்தையே கட்டினேன். நீரோட்டம் திரும்பினால் அதன் தெருவிளக்குகளும் சேர்ந்து சாயும். அந்தத் தெருவில் நடக்கிறவர்கள் எதற்காக வாழ்கிறார்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கதாசிரியர் முதலிலேயே எச்சரித்தார். "நாயகியோட தோழி மூழ்கிச் சாகுறா, சரி. அவ யாருன்னே தெரியாதப்ப பாக்குறவன் எதுக்குப் பதறணும்?" என்றார். அந்தத் தோழிக்கு ஒரு அம்மாவையும் ஒரு வீட்டையும் நாலு நல்ல வசனங்களையும் எழுதிக்கொண்டு வந்தார். நான் அத்தனையையும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு விண்கலத்தைப் பறக்கவிட்டேன். பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

ஆனாலும் அவர் கேட்டது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கதையில் இல்லாத பதற்றம் முகத்தில் வந்துவிட்டால் போதும் என்று தோன்றியது.

தோழியாக நடித்தது என் மனைவியின் தங்கை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவள். நடிப்பு அவ்வளவாக வராது, ஆனால் தண்ணீருக்குப் பயப்பட மாட்டாள். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். கண்ணாடி அறை ஒன்று செய்திருந்தோம். தாழ்ப்பாள் வெளியே. அடியிலிருந்து தண்ணீர் ஏறிக் கூரையைத் தொடும். மூச்சு முட்டினால் அவள் கண்ணாடியை உள்ளங்கையால் தட்ட வேண்டும், வெளியே நிற்கும் உயிர்காப்பாளர் உடனே திறந்துவிடுவார். ஒத்திகை பார்த்தோம். ஒழுங்காகத்தான் வந்தது.

"நீங்க இருக்கீங்கல்ல அத்தான், எனக்கென்ன?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவள் போன பிறகு உயிர்காப்பாளரைத் தனியே அழைத்தேன். "காட்சியை மாத்திட்டேன். தட்டுறதும் இப்ப நடிப்புதான். நான் சொல்லாம திறக்காதீங்க" என்றேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நடித்திருப்பாள். அவளுடைய நடிப்பைப் பற்றித்தான் சொன்னேனே.

தண்ணீர் கூரையைத் தொட்டது. சற்று நேரத்தில் அவள் தட்டினாள். உயிர்காப்பாளர் திரும்பிப் பார்த்தார். "சார், திறக்கட்டுமா?"

"இருங்க."

மறுபடியும் தட்டினாள். இந்த முறை இரண்டு கைகளாலும். அவள் பார்வை என்னைத் தேடியது. அதனால் கோணம் கெட்டது. நான் மெல்ல நகர்ந்து கேமராவை ஒட்டி நின்றுகொண்டேன். அப்போதுதான் அவள் கண்கள் நேராக லென்ஸுக்குள் வந்தன.

உயிர்காப்பாளர் என் பேச்சைக் கேட்காமல் ஓடிப்போய்த் திறந்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் திறந்தபோது அவள் தட்டுவதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது என்று முதலில் சொன்னவன் நான்தான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், மறுக்கவில்லை. விபத்து என்று நீங்களும் வழக்கை முடித்துவிட்டீர்கள்.

"அந்தக் காட்சிய மட்டும் எடுத்துடுங்க. அவ மூச்சுத் திணறுறத ஊரே பாக்கணுமா?" என்று என் மனைவி கேட்டாள். "உன் தங்கச்சிக்கு நாம செய்யுற மரியாதை அது" என்றேன். அவள் நம்பினாள். திரையரங்கில் அந்த இடம் வந்தபோது தலையைக் குனிந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்களுக்கு முன்வரிசையில் இரண்டு பேர். ஒருவன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, "என்னடா இது?" என்றான். "எல்லாம் கிராஃபிக்ஸ். முகத்துல உயிரே இல்ல பாரு" என்றான் மற்றவன். மறுநாள் விமர்சனங்களிலும் அதுவேதான். கணினி வேலையின் உச்சமாம், உணர்ச்சிதான் இல்லையாம்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. மனசாட்சி உறுத்தித்தான் இங்கே வந்திருக்கிறேன். அவளைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பத்திரிகைக்காரர்களிடம் பேசும்போது ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், சார்: அந்தக் காட்சியில் கிராஃபிக்ஸ் கொஞ்சம்கூடக் கிடையாது.