துண்டு போட்டவர் வராமலா போவார்?

என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட அவைத் தலைவர், போதகர் ராஜமாணிக்கம் ஐயா அவர்களே! அருளுரை கேட்டுக் கேட்டு அகம் கனிந்த மூப்பர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! முன்வரிசையில் ஒரு நாற்காலியில் தாம் அமர்ந்து, பக்கத்து இரண்டு நாற்காலிகளில் கைக்குட்டை போட்டு வைத்திருக்கும் தில்லையம்மாள் அம்மா அவர்களே! சிதம்பரம் திருச்சபையின் அறுப்பின் பண்டிகைக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் கடலூர் செந்தமிழ்ச்செல்வனின் பணிவான வணக்கம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

சிரிக்காதீர்கள். அந்தக் கைக்குட்டைதான் இன்றைக்கு என் பேச்சின் பொருள்.

வெற்றிலை எனக்கு வேண்டாம், பொடி எனக்குப் பிடிக்காது, புகை என் பக்கமே வராது. ஆனால் ஒரே ஒரு பழக்கம், என்னை ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும் பழக்கம். கடலூர் பேருந்து நிலையத்துக்குள் சிதம்பரம் வண்டி நுழைந்தால் போதும். அது நிற்பதற்கு முன்பே என் தோளில் கிடக்கும் துண்டு ஜன்னல் வழியே பறந்து இருக்கையில் போய் இறங்கிவிடும். ஓடுகிற வண்டியா? ஒடுங்கிய ஜன்னலா? ஓரத்தில் ஒருவர் தலையா? எதுவும் என் துண்டைத் தடுத்ததில்லை. போட்ட துண்டுக்கு எதிராக இந்த மாவட்டத்தில் எந்தச் சட்டமும் செல்லாது என்பது உங்களுக்குத் தெரியாதா?

இரண்டாயிரத்து ஏழு, வைகாசி மாதம். இதே ஆலயத்தில் என் தங்கை தமிழ்ச்செல்விக்குத் திருமணம். வீட்டார் எல்லாரும் முந்தின நாளே வேனில் போய்விட்டார்கள். தாலி மட்டும் ஆசாரி கையில். அவர் விடிந்த பிறகுதான் கொடுத்தார். நானும் என் மனைவி அனுப்பிரியாவும் அதை வாங்கிக்கொண்டு பேருந்து நிலையம் வந்தோம். கும்பலைப் பார்த்து மிரண்ட அனுப்பிரியா, தாலியை என் புதுத் துண்டின் முனையில் முடிந்தாள்.

"பையில வெச்சா எவனாவது அடிச்சிடுவான். ஒங்க தோள்லயே கெடக்கட்டும், அதான் பத்திரம்" என்றாள்.

இருங்கள் ஐயா, அதற்குள் அங்கே பின்வரிசையில் தலையில் கை வைத்துவிட்டீர்களே! ஆமாம், அதேதான் நடந்தது. வண்டி வந்தது. என் கை என்னைக் கேட்கவில்லை. துண்டு பறந்தது. படிக்கட்டுக்கு ஓடினேன், படிக்கட்டே தெரியவில்லை, அத்தனை ஆட்கள் தொங்கினார்கள். விசில் அடித்தது. வண்டி போய்விட்டது.

"இன்னாங்க, தோளு காலியா இருக்குது?"

"எடம் புடிச்சேன்மா."

"யாருக்கு? பஸ்ஸே போயிடிச்சே! அய்யோ, அதுல தாலி முடிஞ்சிருக்குதே! ஒங்க தங்கச்சி வெறுங்கழுத்தோட பீடத்தண்ட நிப்பாளேங்க!"

அடுத்த வண்டியில் தொற்றிக்கொண்டோம். வாழ்நாளில் முதன்முறையாக நின்றுகொண்டே பயணம்! ஆலப்பாக்கம் தாண்டும்போது செல்போன் அடித்தது. என் மைத்துனன் ராஜவேல்.

"மாமா, போதகர் கேக்குறாரு. தாலி எங்க வருது?"

போதகரிடம் பொய் சொல்லலாமா? "தாலி முன்னாடி பஸ்ல வருது மச்சான். நாங்க பின்னாடி பஸ்ல வர்றோம்" என்றேன்.

ஐயா முகத்தைப் பாருங்கள், இன்றைக்குத்தான் அவருக்கே விளங்குகிறது.

சிதம்பரம் வந்தோம். முந்திப் போன வண்டி ஓரமாக நின்றது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். உள்ளே நெற்றி நிறைய விபூதியோடு ஓர் அம்மாள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் என் துண்டு. துண்டின்மேல் ஒரு பெரிய பலாப்பழம்! கீழே நின்ற ஓட்டுநர், "எறங்கும்மா, வண்டி எடுக்கணும்" என்று கத்துகிறார். "துண்டுக்காரரு வராம எறங்கமாட்டேன்" என்று அந்த அம்மாள் பதிலுக்குக் கத்துகிறார்.

"அம்மா, அது என் துண்டு!" என்று நான் அலறினேன்.

"வாய்யா மகராசா! ஒன் எடத்தக் காப்பாத்தறதுக்குள்ள எனக்குத் தொண்டத்தண்ணியே வத்திப்போச்சி. ஏறுனவன் எல்லாம் ஒக்கார வந்தான். பழத்தத் தூக்கி மேல வெச்சிட்டேன்."

"நான்தான் வண்டியிலேயே ஏறலியேம்மா?"

"அதுக்கு இன்னா? துண்டு போட்டவன் வராம போவானா?"

பெயர் கேட்டேன். செல்லாயி, பண்ருட்டிப் பக்கம். துண்டில் தங்கம் இருந்தது அவருக்குத் தெரியாது. நான் கறுப்பா சிவப்பா என்று தெரியாது. வண்டி முழுக்கச் சிரித்தது, வசை பாடியது. அவர் நம்பிக்கை நகரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. தாலி நேரத்தோடு பீடம் சேர்ந்தது. அதை ஆசீர்வதித்த நம் போதகர் ஐயா மட்டும், "பலாச்சுளை வாசனை வருதே" என்று மெல்லக் கேட்டார்.

அன்பர்களே! உங்களுக்கு இடம் ஆயத்தம் செய்யப் போகிறேன், மறுபடியும் வருவேன் என்று சொல்லிப் போனாரே நம் ஆண்டவர், அவர் எதை விட்டுப் போனார்? கல்லறைக்குள் ஓடிய சீடர்கள் எதைக் கண்டார்கள்? தலையில் சுற்றியிருந்த சீலை, தனியே சுருட்டி வைத்த சீலை! அவரும் துண்டு போட்டுவிட்டல்லவா போயிருக்கிறார்! நோயில் நொந்து, நாள் பார்த்துச் சோர்ந்து, "இன்னும் காணோமே" என்று கலங்குகிறோமே, துண்டு போட்டவர் வராமலா போவார்? ஊர் சிரிக்கட்டும், உறவு பழிக்கட்டும், ஓட்டுநர் கத்தட்டும், துண்டு போட்டவர் வராமலா போவார்? இத்தனை ஆண்டு பிரசங்கம் கேட்டும் எனக்குள் இறங்காத விசுவாசத்தை, விபூதி பூசிய செல்லாயி ஒரு பலாப்பழத்தை வைத்து இறக்கிவிட்டார்.

தம்பி பழனிவேல்! இருக்கை இல்லையென்று தில்லையம்மாளின் கைக்குட்டையை எடுக்கப் போகிறாயே, எடுக்காதே. அவர் மகனும் மருமகளும் வந்துகொண்டிருக்கிறார்கள். இதோ, வாசலில் செருப்பைக் கழற்றுவது அவர்கள்தானே? வாருங்கள், வாருங்கள், உங்கள் இடம் அப்படியே இருக்கிறது!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வருகிறவருக்கே மகிமை! வணக்கம்.