மாடியில் கருப்புத் தக்காளி

ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கம்பெனிச் சீருடையோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"கருப்புத் தக்காளியால வீட்டையே காலி பண்ணச் சொல்லிட்டாருக்கா, ஹவுஸ் ஓனர்" என்றாள் இளையவள்.

"தக்காளில கருப்பா?"

"கருப்பு, மஞ்சள், பச்சைல கோடு போட்டதுன்னு மாடி பூரா தொட்டி வெச்சிருக்கேன். தண்ணி எறங்கி சுவரெல்லாம் ஈரமாவுதுன்னு ஒரே சத்தம்."

"அய்யோ, அப்புறம்?"

"அழுதுட்டே எல்லாப் பழத்தையும் பறிச்சு அவங்க வீட்லயே குடுத்துட்டேன். ஓனரம்மா அதுல சாறு வெச்சு சோத்துக்கு ஊத்துனாங்களாம். மறுநாளே ஓனர் மேல வந்து, 'செடிங்க இருக்கட்டும், நீங்க மட்டும் போங்க'ன்னாரு!"

"நீ என்னடி சொன்ன?"

"எந்தச் செடிக்கு எவ்ளோ தண்ணின்னு உங்களுக்குத் தெரியுமான்னேன். விறுவிறுன்னு எறங்கிப் போயிட்டாரு. நேத்து அவரே செங்கல் தூக்கிட்டு வந்து, தொட்டிக்கெல்லாம் அடியில வெக்கறாருக்கா!"