கரட்டிலிருந்து அவர்கள் இறங்கி வந்தது

‘பிடித்தார்கள்’ என்று மட்டும் போடாதீங்க வக்கீலம்மா. யாரும் யாரையும் பிடிக்கலை. நான் கூப்பிட்டேன், இறங்கி வந்தாங்க. இப்போது நீங்கள் வாசித்த போலீஸ் தாளில், பெரியவர் சின்னப்பிள்ளையை அரிவாளும் கையுமாகக் கரட்டில் வளைத்துப் பிடித்ததாக இருக்கிறதே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சரிம்மா, முறைப்படியே வாரேன், குமாஸ்தாவை எழுதச் சொல்லுங்க.

என் பெயர் அருள்ராணி, வயது ஐம்பத்து நான்கு, கணவர் பெயர் மைக்கேல்சாமி, விராலிமலைப் பக்கம் சூசையப்பர்பட்டியில் குடியிருக்கிறேன். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்துத் துணை ராணுவத்தில் சேர்ந்து, மகளிர் பட்டாலியனிலிருந்து ஓய்வு பெற்றேன். தினமும் ஜெபமாலை சொல்கிறவள். பொய் சொன்னால் மாதா என்னைச் சும்மா விடமாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு ஜல்லிக்கட்டு நடந்தது. முதலில் பக்கத்து ஊரான பனங்காட்டுப்பட்டியின் கோயில் காளையை விடுவோம். அது சாமி மாடு, யாரும் தொடக்கூடாது, கொம்பில் கட்டிய துண்டுதான் அடையாளம். அன்றைக்கு வாடிவாசலிலேயே துண்டு நழுவி விழுந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த என் தங்கை மகன் ஃபிரெடி, அடுத்த காளை என்று நினைத்துத் திமிலைப் பிடித்துத் தொங்கிவிட்டான். அதன்பிறகு பனங்காட்டுப்பட்டிக்காரர்கள் கல்லெறிந்தார்கள், ஃபிரெடிக்கு மண்டை உடைந்தது, அதன்பிறகு எங்கள் பையன்கள் அவர்கள் வேனை நொறுக்கினார்கள், அதன்பிறகு போலீஸ் வந்து வேனை நொறுக்கியவர்களை விட்டுவிட்டு அவர்களை மட்டும் விரட்டியது. எங்க ஊருதான், இருந்தாலும் எழுதுங்கம்மா. அவர்கள் காளையை ஓட்டிக்கொண்டு பாறைக் கரட்டின் மேல் ஏறிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்கு வந்து, “அக்கா, நீங்க பட்டாளத்துல இருந்தவங்க, சொன்னா கேப்பாங்க. ஆயுதத்தை விட்டுட்டு இறங்கிட்டா ஒருத்தன் மேலயும் கேஸ் இல்ல, நான் பொறுப்பு” என்றார். கூட இரண்டு போலீசாரை அனுப்பப் பார்த்தார். வேண்டாம் என்றேன். வடக்கே காட்டில் டூட்டி பார்த்தவள் நான். சமாதானம் பேசப் போகிறவள் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி வரக்கூடாது. அதன்பிறகு சோற்றுப்பையில் எலுமிச்சைச் சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு தனியாக ஏறினேன்.

பாதி தூரத்திலேயே மேலிருந்து பிரசாந்த் என்கிற பையன், “பட்டாளத்தம்மா வருதுடோய், சல்யூட் அடிங்கடா!” என்று கத்தினான்.

“சல்யூட்டு கெடக்கட்டும், மொதல்ல கல்லைக் கீழ போடு. மூட்டு வலியோட ஏறி வாரேன், சோறு வேணுமா வேணாமா?” என்றேன். சிரித்துவிட்டார்கள்.

காளையை வளர்க்கிற சின்னப்பிள்ளை பெரியவர். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சாமி மாட்டைத் தொட்டவன் தன் கையால் புதுத்துண்டு கொம்பில் கட்டினால்தான் குற்றம் தீரும் என்றார். ஃபிரெடி கட்டுவான் என்றேன். இறங்கினால் கேஸ் இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னதையும் சொன்னேன். “அது சரித்தா, அந்தப் போலீஸ்காரர் பேச்ச எப்படி நம்புறது?” என்றார்.

“அவர் பேச்ச நம்ப வேணாம்ணே. என் பேச்ச நம்புங்க” என்றேன்.

சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். எங்கள் வேதத்தில் அது வழக்கமில்லை என்று சொல்லி, கழுத்தில் கிடந்த ஜெபமாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். கண்ணில் ஒற்றி மடியில் முடிந்துகொண்டார். அதன்பிறகு பையன்கள் கம்புகளைப் பாறையில் போட்டுவிட்டு, காளை முன்னால் நடக்க, எல்லோரும் இறங்கினோம்.

அடிவாரத்தில் போலீஸ் வேன் நின்றது. இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சின்னப்பிள்ளையையும் பையன்களையும் ஏற்றினார்கள். பெரியவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கம்பி வழியாக ஜெபமாலையை நீட்டினார். நான் வாங்கவில்லை. “நீங்களே வச்சிருங்க. வெளிய வந்து குடுங்க” என்றேன். அதன்பிறகு வீட்டுக்குப் போய்ப் பையை ஆணியில் மாட்டினேன், பாத்திரம்கூட எடுத்துக் கழுவவில்லை.

அவர்களுக்கு எதிராக என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். வரமாட்டேன். என் பென்ஷனை நிறுத்தினாலும் சரி, என்னையும் அதே வேனில் ஏற்றினாலும் சரி. ஃபிரெடி தலையில் கட்டோடு போய்த் துண்டு வாங்கி வைத்திருக்கிறான், கட்டச் சொல்லிக் காளையைப் பிடித்து நிறுத்த அங்கே ஆள் இல்லை. வாக்குக் கொடுத்தவர் இன்ஸ்பெக்டர், அதைச் சுமந்துகொண்டு மேலே ஏறியவள் நான். அவர் மறந்துவிடலாம், நான் தினமும் மாதா முன்னால் முழங்காலில் நிற்க வேண்டும்.

மேலே உள்ளது அத்தனையும் என் வாயால், யாரும் சொல்லிக் கொடுக்காமல் சொன்னது. படித்துக் காட்டினார்கள், கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) மை. அருள்ராணி

அம்மா, அம்மா, மடிக்காதீங்க. இப்பத்தான் நெனப்பு வருது, இதையும் சேத்துக்கங்க. எறங்கும்போது, “கையில பாத்தா சுட்டுருவாங்க, நீ கொண்டு வாத்தா”ன்னு பெரியவர் அவரோட அருவாளை என் சோத்துப்பையிலதான் வச்சாரு. செவப்புத் துணி சுத்துன புடி. அது இன்னும் எங்க வீட்டு ஆணியில தொங்குது.