பிஸ்கட் டின்னில் டூ பாயிண்ட் த்ரீ

— கையக் கட்டிக்கிட்டு ஏன் மீனலோசனி பாஸ் நிக்கிறீங்க? பிளாப்பிய வாங்குங்க! கிள்ளான்லேருந்து பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் மோட்டார்ல, சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்திருக்கேன்.

— ஞாயிற்றுக்கிழமை காலமை உங்களை ஆர் கூப்பிட்டது, ஜெயராஜ்?

— உங்கம்மாதான். ‘தம்பி, ஞாயிறு பத்து மணிக்கு டொரொன்டோ மாப்பிள்ளை மீனலோசனியோட சாட்ல கதைக்கப் போறார், கடையில இன்டர்நெட் லைன் அறுந்து அறுந்து போகுது’ன்னு வியாழக்கிழமை போன்ல அழாத குறை.

— அம்மா கோயிலுக்குப் போயிட்டா. இருங்கோ, முதல்ல தேத்தண்ணி போடுறன்.

— தேத்தண்ணி அப்புறம் லா. இந்த ரூட்டர் பொட்டி சரியானாத்தான் உங்க எட்டு கம்ப்யூட்டருக்கும் லைன். பொட்டி நல்ல பொட்டி பாஸ். உள்ள ஓடுற ஃபர்ம்வேர் புரோகிராம்தான் மோசம். போன வாரம் நீங்க புதுசு ஏத்துனீங்கல்ல, அதுதான் வினை. பழைய டூ பாயிண்ட் த்ரீ வெர்ஷனப் போட்டா குதிரை மாதிரி ஓடும்.

— பழசு எங்கயும் கிடைக்காதெண்டு சொன்னியளே.

— கிடைக்கலதான்! கம்பெனி வெப்சைட்ல புதுசு மட்டும்தான் இருக்கு. ஏஜெண்டுக்குப் போன் பண்ணா, ‘தொண்ணூத்தேழுக்கு முந்தினதெல்லாம் அழிச்சாச்சு’ங்கிறான். பின்லாந்துல ஒரு யூனிவர்சிட்டி கம்ப்யூட்டர்ல பழசையெல்லாம் வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க. ஆசையா இறங்கிப் போறேன். ஒன் பாயிண்ட் எய்ட் இருக்கு. டூ பாயிண்ட் ஒன் இருக்கு. டூ பாயிண்ட் டூ இருக்கு. அடுத்தது நேரா த்ரீ! எனக்கு உட்கார்ந்து அழலாம்னு ஆயிடுச்சு.

— அதோட விட்டிருக்கலாமே.

— விடுறதா? ரவாங்குல ஒரு பேக்டரியில இதே பொட்டி. ஓடினேன். அங்க கம்ப்யூட்டரைப் பாத்துக்கிறவனும் புதுசை ஏத்திட்டு என்னைவிட மோசமா அழறான். அவன்தான் கிள்ளான் பக்கத்துல பண்டமாரானுக்கு அனுப்பினான். அங்க தம்புசாமின்னு ஒரு அண்ணன், போர்ட்ல கப்பல் சரக்கு அனுப்புற ஆபீஸ்ல இருக்காரு. கைக்கு வந்த ஒரு பிளாப்பியக்கூட வீசாத மனுசன். வீட்டுல பதினாலு பிஸ்கட் டின் பாஸ்! ஒவ்வொண்ணுலயும் தேதி, வெர்ஷன், ரப்பர் பேண்ட். பதினோராவது டின்ல நம்ம டூ பாயிண்ட் த்ரீ படுத்திருக்கு. ‘இந்தக் குப்பையத் தேடியும் ஒருத்தன் வந்துட்டானே’ன்னு அவரு சம்சாரம் எனக்குத் தோசை ஊத்திப் போட்டாங்க.

— அந்த மனுசனுக்கு வேற வேலை இல்லையோ!

— அவரைத் திட்டாதீங்க. அவர் காலைத் தொட்டுக் கும்பிடணும். இதோ, ஏத்த ஆரம்பிச்சாச்சு. முப்பது பர்சன்ட்... அறுபது... கரண்டு மட்டும் இப்பப் போகக்கூடாது.

— போனால்?

— பொட்டி செத்துரும். ஏய், ஏய்! சுவிட்சுகிட்ட என்ன வேலை உங்களுக்கு? கைய எடுங்க!

— சும்மா சாய்ஞ்சனான்.

— சாயறதுக்கு வேற சுவரே இல்லையா? தொண்ணூறு... நூறு! பச்சை லைட்டு வந்துருச்சு பாஸ்! இனி பாருங்க, லைன் அறுந்தே போகாது. என்னங்க இது... அழுறீங்களா?

— புதுசை ஏத்தினால் லைன் அறுமெண்டு எனக்குத் தெரியும், ஜெயராஜ். சுங்கை வேயில கடை வைச்சிருக்கிற புஷ்பவல்லி தன்ர கடையில நடந்ததைச் சொன்னவள். தெரிஞ்சுதான் ஏத்தினனான்.

— கடவுளே! மூணு நாளா நான் நாயா அலைஞ்சது?

— என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆறு மாசமா அம்மா அந்த மாப்பிள்ளையின்ர படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறா. அப்பா போன பிறகு அவ சிரிச்சதே இப்பதான். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. இந்தக் கடையை நான் தனியாத் தொடங்கினனான். இதை மூடிப்போட்டு, பேசிப் பழகாத ஒருத்தரிட்டப் போகச் சொன்னால்...

— ம். அப்ப திரும்பவும் புதுசையே ஏத்திரவா? அஞ்சு நிமிச வேலை.

— செய்வியளா?

— செய்வேன். ஆனா அடுத்த ஞாயிறு என்ன பண்ணுவீங்க? டெலிபோன் ஒயரை வெட்டுவீங்களா? அம்மாகிட்ட சொல்ல முடியலன்னா அந்த ஆளுகிட்ட சொல்லுங்க பாஸ். டைப் பண்றதுதானே, முகத்தைப் பார்க்க வேண்டியதில்ல.

— பத்தாச்சு. அவர் சாட்ல வந்திட்டார்.

— அடிங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

— ‘வணக்கம். குறை நினைக்கக் கூடாது. எனக்கு இந்தக் கலியாணத்தில விருப்பம் இல்லை.’ அனுப்பிட்டன்.

— என்ன சொல்றாரு?

— ஒண்டும் வரேல்லை.

— லைன் அறுந்துருச்சா? இருக்காதே, இது டூ பாயிண்ட் த்ரீ!

— இல்லை, இருக்கு... எழுதுறார். வந்திட்டுது.

— சீக்கிரம் படிங்க பாஸ்.

— ‘தங்கச்சி, நீங்க நூறு வருசம் நல்லா இருக்கோணும். எனக்கு இஞ்ச போன மாசமே பதிவுக் கலியாணம் முடிஞ்சுது. என்ர அம்மாட்டச் சொல்லப் பயந்து, உங்கட லைன் திருந்தவே கூடாதெண்டு முருகனுக்கு நேர்த்தி வைச்சிருந்தன்.’